பிள்ளை படிப்பதை வீட்டுக்குச் சொன்ன வழிகள்

ரேங்க் கார்டில் பெற்றோருக்கென்று ஒதுக்கிய இடம் ஒரு விரல் அகலம்தான். காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு என்று மூன்று பத்தி. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு-புவியியல் என்று வரிசை. கீழே மொத்தம், ரேங்க், வருகை நாள். அதற்கும் கீழே வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், கடைசியாகப் பெற்றோர் கையொப்பம். எண்பதுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். அப்போதிருந்து ஓய்வு பெறும்வரை அந்தக் கடைசிக் கட்டம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைப் பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி. கையெழுத்துப் போட்டவருக்கு என்ன தெரிந்தது? 'கணக்கு 34' என்றால், பிள்ளைக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியவில்லையா, வாய்பாடு வரவில்லையா, கேள்வியையே வாசிக்க முடியவில்லையா? அட்டையில் அது இருக்காது.

நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. பிள்ளையின் படிப்பை முதலில் பெற்றோர் காதால் கேட்டார்கள், கண்ணால் பார்த்தார்கள். பிறகு அந்தச் செய்தி காகிதத்தில் ஏறி மேலே, அலுவலகத்துக்குப் போகத் தொடங்கியது. வீட்டுக்கு அதன் நகல் மட்டும் வந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குகிறேன். தெருவைப் பார்த்த திண்ணையில் பாடம். முதலில் மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலையில் எழுத்தாணி. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகிய கணக்கு வாய்பாடுகள் எல்லாமே வாய்விட்டு முறை சொல்லிப் படித்தவை. ஒருவன் முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். யாருடைய பிள்ளை எந்த வாய்பாட்டில் தடுக்குகிறது என்று தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும். 1855-இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் இந்தப் பள்ளிக்கூடங்களை விரிவாக எழுதியிருக்கிறார். மாலையில் பிள்ளைகளை அனுப்புமுன் உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பிராணியின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்து மறக்காமல் சொல்ல வேண்டும். ஞாபகசக்திக்கான பயிற்சி அது. ஆனால் மறந்துவிடக் கூடாதே என்று பிள்ளை அந்தப் பெயர்களை வீட்டில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்கும் பாட்டிக்கும் அன்றைய பாடம் என்ன என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வழி பணம். அன்றைய சென்னை மாகாணத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றித் தகவல் அனுப்பும்படி கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களைக் கேட்டார். 1823-இல் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் எழுதிய பதிலில் வாத்தியார் சம்பளக் கணக்கு இருக்கிறது. பிள்ளை காகிதத்தில் எழுதும் அளவுக்கோ உயர்நிலைக் கணக்குப் போடும் அளவுக்கோ வரும்வரை மாதம் கால் ரூபாய். அந்த நிலைக்கு வந்ததும் அரை ரூபாய். செய்யுள் நூல்களுக்குப் பொருள் சொல்லும் நிலைக்குப் போனால் வாத்தியார் அதற்கும் மேலே கேட்பார். அதாவது மகன் ஒரு படி ஏறினால் அப்பனின் மடியிலிருந்து கூடுதலாக நாலணா போகும். நாலணா போகும்போது எந்தத் தகப்பனும் சும்மா கொடுக்க மாட்டார். 'எங்கே, எழுதிக் காட்டு பார்ப்போம்' என்று கேட்டிருப்பார். இதை வாசித்தபோது எனக்குப் பெரிய வியப்பு. மதிப்பெண் இல்லை, அட்டை இல்லை, ஆனாலும் அந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பது வீட்டுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது, நவராத்திரி. மகாநவமியை ஒட்டி வாத்தியார் பிள்ளைகளை அலங்கரித்து வீடு வீடாகக் கூட்டிப் போவார். பிள்ளைகள் கோலாட்டம் போட்டு, கற்ற பாட்டுகளைப் பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் வாத்தியாருக்குப் பணமும் அரிசியும் தருவார்கள். வாத்தியாருக்கு அது வருமானம். ஊருக்கோ, ஒரு வருஷத்துப் படிப்பைத் தம் வாசலிலேயே கேட்கிற நாள்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்லிவிட்டு நான் நகர முடியாது. அந்தத் திண்ணையில் ஏற அனுமதியில்லாத குடும்பத்தில் பிறந்தவள் நான். மன்றோ 1826-இல் தொகுத்த கணக்கில் 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தெருவே பாடத்தைக் கேட்டது என்று எழுதினேன். எந்தத் தெரு என்பதையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் தெருவுக்கு அந்தச் சத்தம் வரவில்லை. எங்களுக்குப் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தபோது அது அரசாங்கத்தின் பள்ளிக்கூடமாக, மிஷன் பள்ளிக்கூடமாக, ரிஜிஸ்தரோடும் மணியோடும்தான் வந்தது. அதனால் காகிதத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பெயர் முதன்முதலில் ஏறிய காகிதம் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுதான்.

ஆனால் காகிதம் யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சியைப் பார்த்து மானியம் கொடுக்கும் முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர்களின் கணக்குப்படி பள்ளிக்கூடத்துக்குப் பணம். முன்பு நாலணா கொடுத்த அப்பனிடம் காட்ட வேண்டியிருந்ததை இப்போது மானியம் கொடுக்கும் துரையிடம் காட்ட வேண்டியதாயிற்று. வாத்தியாரின் வயிறு யாரை நம்பியிருக்கிறதோ அவர் பக்கம் முகம் திரும்புவது இயல்பு. தப்பு அந்த ஏற்பாட்டில்தான். வருகைப் பதிவேடு, தேர்ச்சிப் பட்டியல், ஆய்வுப் புத்தகம் எல்லாம் அப்போது வளர்ந்தவை. நான் வேலை பார்த்த காலத்திலும் பள்ளி ஆய்வு என்றால் பீரோவிலிருந்து பதிவேடுகள் மேஜைக்கு வந்து அடுக்கப்படும். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு தாயைக் கூப்பிட்டு 'உங்கள் மகள் எதுவரை வாசிக்கிறாள் என்று தெரியுமா' எனக் கேட்டதை நான் பார்த்ததில்லை.

காமராஜர் காலத்தில் மதிய உணவு 1956-இல் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலுவின் முயற்சியில் 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஊர்க்காரர்கள் பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, நிலம் என்று பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எத்தனையோ கட்டடங்கள் அப்படித்தான் எழுந்தன. பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குள் மரியாதையோடு வந்த காலம் அது. வந்தார்கள், கொடுத்தார்கள். பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்பது அவர்கள் வேலை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்பிய அந்தப் பெற்றோர் வாசலில் நின்று சொன்ன ஒரு வாசகம் தமிழ்நாடு முழுக்கப் பிரசித்தம்: "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்." நானும் கேட்டிருக்கிறேன். அதைப் பெற்றோரின் கொடுமை என்று நான் நினைக்கவில்லை. படிப்பைப் பற்றி அவர்களிடம் யாரும் எதுவும் பேசாததால், அவர்களுக்குப் பேசத் தெரிந்தது அடியைப் பற்றி மட்டும்.

சிலேட்டு இருந்தவரை ஒரு வாய்ப்பு இருந்தது. பிள்ளை எழுதியதைத் திருத்தி, சாக்பீஸால் மதிப்பெண் போட்டு, 'அழிக்காம வீட்ல காட்டிட்டு வா' என்று அனுப்புவோம். சட்டையில் உரசாமல் சிலேட்டை முன்னால் ஏந்திக்கொண்டு போவார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாவிட்டாலும், பத்து வரியில் எட்டு வரிக்கு நேரே சரி விழுந்திருப்பது தெரியும். எந்த இரண்டு வரியில் விழவில்லை என்பதும் தெரியும். நோட்டு வந்ததும் அது பைக்குள் போய்விட்டது.

பிறகு ரேங்க் கார்டு. எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் அது கிடையாது. பல ஊர்களில் மே மாதம் சுவரில் ஒட்டுகிற தேர்ச்சிப் பட்டியலோடு சரி. கார்டு கொடுத்த பள்ளிகளில் அது மறுநாள் திரும்பி வந்தாக வேண்டும். எங்கள் ஊரில் பாதிக் கார்டுகளில் பெருவிரல் ரேகை இருக்கும். ஊதா மை இல்லாத வீடுகளில் அடுப்புக்கரியைத் தொட்டு வைத்து அனுப்புவார்கள். அண்ணன் போட்ட கையெழுத்தும் வரும், பக்கத்து வீட்டுக்காரர் போட்டதும் வரும். வழியில் பார்த்தால் கேட்பார்கள்: "டீச்சர், எம்பய எத்தனாவது?" எத்தனாவது என்பதைத்தான் அட்டை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. பன்னிரண்டாவது என்று சொன்னால் வருத்தப்படுவார்கள். அவன் இந்தப் பருவத்தில்தான் பெருக்கலைப் பிடித்துக்கொண்டான் என்று சொன்னால் அதற்கு மகிழ வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியாது.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதையும், கல்குவாரிப் பெண்கள் எழுதப் படித்ததையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக நான் பார்த்தது வேறு. வகுப்புகள் இரவில் நடந்தன, வேலை முடிந்து, சோறாக்கி முடித்து. என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து எழுத்துக்கூட்டினார்கள். அடுத்த காலாண்டுக் கார்டுகளில் ரேகைகள் குறைந்து கையெழுத்துகள் வந்தன. கோணல்மாணலாக, கட்டத்தை மீறி, தலைமையாசிரியர் கையொப்பத்தின் மேலேயே ஏறிக்கொண்டு. அது மட்டுமில்லை. ஒரு தாய் கார்டை என்னிடம் நேரே கொண்டுவந்து, தமிழ் என்ற சொல்லை விரல் வைத்து வாசித்து, "இதுல ஏன் கொறஞ்சுச்சு?" என்று கேட்டார். ரேங்க்கைக் கேட்கவில்லை. தானே எழுத்துக்கூட்டித் தவித்துப் பார்த்தவருக்கு மகளுக்கு எங்கே இடறும் என்ற கேள்வி வந்துவிட்டது. கற்றல் என்றால் என்ன என்பதைப் பெற்றோருக்குத் தெரிவித்ததில் அறிவொளிக்கு இணையாக எதையும் நான் கண்டதில்லை. அது அதன் நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட்டுக்கூட இருக்காது.

அடுத்தது கற்றல் ஏணி. ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08இல் அது தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. பெஞ்சு போய் வட்டமாகப் பாய், பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் செய்த வேலைகள். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு படச் சின்னமும் எண்ணும் உண்டு. அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணி சுவரில் தொங்கும். பிள்ளை தன் படி எது என்று தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுக்கும். விடுப்பு எடுத்துத் திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்து தொடரும்.

அந்த ஏணியைப் போல எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு ஏற்ற அறிக்கை இந்த மாநிலத்தில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன். படத்தைக் காட்டி 'உங்க பிள்ளை இங்க நிக்கிது, போன மாசம் அங்க இருந்துச்சு' என்றால் போதும். ஆனால் பெற்றோரை அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு அந்தத் திட்டத்தில் பலவீனமாக இருந்தது. பாயும் அட்டையும் வந்த செய்தி ஊருக்குள் வேறுவிதமாகப் போயிற்று. 'பரீட்சை கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, பூராவும் விளையாட்டு' என்றார்கள். மார்க் எங்கே என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்புவரை ஆல் பாஸ் என்பதும் சேர்ந்துகொண்டது. பிள்ளையைத் தனியார் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிய ஒரு தகப்பன் என்னிடம் சொன்ன காரணம், அங்கே வாரா வாரம் டெஸ்ட் வைத்து டைரியில் மார்க் எழுதி அனுப்புகிறார்கள் என்பது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். டைரி அவர் கைக்குப் போனது, ஏணி போகவில்லை. எங்கள் பள்ளியில் சிலர் மாலையில் பிள்ளையை அழைக்க வருகிறவர்களை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினோம். பார்த்தவர்கள் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றவில்லை.

2012-13இல் முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, பிறகு ஏ1, ஏ2 என்று தரநிலை. ரேங்க் ஒழிந்தது, அது நல்லது. ஆனால் அந்த அட்டையை ஒரு தாய்க்கு விளக்குவதற்குள் மூச்சு வாங்கும். "ஏ-டூன்னா எத்தனாவது ரேங்க்கு?" என்றுதான் திரும்பக் கேட்டார்கள்.

இதற்கிடையே, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. 24(1)(உ) என்று தமிழில் எழுதுகிறார்கள். ஆசிரியர் பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் எல்லாவற்றையும் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் அதை ஆசிரியரின் கடமையாக வைக்கிறது. பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பைச் சொல்வது வாத்தியாரின் தாராள குணத்தைப் பொறுத்தது என்ற நிலைமை சட்டப்படி அன்றோடு முடிந்தது. இந்தப் பிரிவைப் பற்றி ஆசிரியர் அறையில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அதே சட்டம் கொண்டுவந்த பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிப் பேசினார்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். நல்ல ஏற்பாடு. குழுக்கள் தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, சுற்றுச்சுவர், இடைநின்ற பிள்ளைகள் என்று முக்கியமான வேலைகளைச் செய்கின்றன. தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினால் படிப்பு கடைசி வரியில் இருக்கும், 'மாணவர்களின் கற்றல் அடைவு குறித்து விவாதிக்கப்பட்டது' என்று.

கொரோனாவுக்குப் பிறகு, 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. தொடக்கத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்களின் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது. ஒரு தாய்க்கு உடனே விளங்குகிற சொற்கள். ஆனால் பிள்ளை எந்த நிலை என்று ஆசிரியர் முதலில் பதிவது செல்போன் செயலியில். சென்னையில் இருக்கும் அலுவலகத்துக்கு அது அன்றே தெரியும். நாலு வீடு தள்ளி இருக்கும் தாய்க்குத் தெரிவது ஆசிரியர் மனம் வைத்தால்தான். பதிவேற்றவே நேரம் போதவில்லை என்று இளைய ஆசிரியர்கள் சொல்லும்போது, இன்ஸ்பெக்டர் காலத்து ஏற்பாடு ஆளை மாற்றிக்கொண்டு தொடர்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் தலைமையாசிரியையாக இருந்த கடைசி ஆண்டுகளில் பருவத்துக்கு ஒருமுறை மாலைநேரக் கூட்டம் வைத்தோம். கூட்டம் என்பதைவிட, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டாருக்கு முன்னால் அரைப் பக்கம் வாசித்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவது. பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பத்தா அவன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "எழுத்தத் தனித்தனியாச் சொல்றான், சேத்துச் சொல்ல மாட்டேங்குறானே, ஏன் டீச்சர்?" என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகாத மனுஷி. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அவனுக்கு உயிர்மெய் எல்லாம் தெரியும், நடுவில் மெய்யெழுத்து வந்தால் நின்றுவிடுவான். 'படம்' வரும், 'பட்டம்' வராது. அதைச் சொன்னோம். வீட்டில் என்ன செய்யலாம் என்றார். பஸ்சில் ஊர்ப் பெயர்ப் பலகை, ரேஷன் கடைப் பலகை, எதைப் பார்த்தாலும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், அவன் நிற்கிற எழுத்தை மட்டும் எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்றோம். அடுத்த வாரமே வந்து சொன்னார்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கின்றன. நூறுநாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறவர்களுக்கு அது கூலி நேரம். எங்கள் ஊரில் மாலை ஆறு மணிக்கு வைத்தபோது வந்தார்கள். அறிவொளி வகுப்பும் இருட்டிய பிறகுதான் நடந்தது. 25 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம் சொச்சம், இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். மூன்று பருவத்துக்கு ஆறு மாலை. அந்த ஆறு மாலைகளைப் பள்ளி நாட்காட்டியிலேயே போட்டு, அதற்கு ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்பும் கொடுத்துவிட வேண்டும்.